பிஸ்கட் பாக்கெட்டில் உள்ள முழு விலை விமான டிக்கெட்டில் ஏன் இல்லை?

மாண்புமிகு மத்திய நுகர்வோர் நலத்துறை அமைச்சர் அவர்களுக்கு,



எங்கள் தெருவில் யாருக்கு வெளியூர்ப் பயணம் என்றாலும் டிக்கெட் போட்டுத் தரச் சொல்லி என்னிடம் வருவார்கள். போன மாதம் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். டெல்லியில் மகளுக்குப் பிரசவம். "தம்பி, எதுல குறைச்சலா இருக்குன்னு பாத்துப் போடுப்பா" என்றார்.

இரண்டு இணையதளங்களில் விமான டிக்கெட் விலையைப் பார்த்தேன். ஒன்றில் 6,480 ரூபாய், மற்றதில் 6,850. குறைவானதைத் தேர்ந்தெடுத்து, பெயர், வயது எல்லாம் நிரப்பிப் பணம் கட்டும் பக்கத்துக்கு வந்தால் 7,128 என்று நின்றது. நாங்கள் கேட்காமலே பயணக் காப்பீட்டுக்கு 249 ரூபாய் சேர்ந்திருந்தது. அதுவரை கண்ணில் காட்டாத வசதிக் கட்டணம் 399. காப்பீட்டை நீக்க முடிந்தது. கட்டணத்தை நீக்க வழியில்லை. திரும்பிப் போய் மற்ற தளத்தில் பார்த்தேன். முதலில் காட்டிய 6,850தான் அங்கே கடைசி வரைக்கும் இருந்தது. மலிவு என்று நம்பிப் போனதுதான் விலை கூடுதல்.

சீட்டு நிரம்ப நிரம்ப விலை ஏறுவதை நான் குறை சொல்லவில்லை. அது வியாபாரம். ஆனால் நாலு இடத்தில் விலை கேட்டு வாங்குவதுதான் சாமானியருக்குத் தெரிந்த ஒரே சிக்கனம். முதலில் சொல்லும் விலையே மெய்யில்லை என்றால், அவர் எதை எதோடு ஒப்பிடுவார்?

இதைத் தடுக்க உங்கள் துறையிடம் விதி இருக்கிறது. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், இணைய வணிகத்தின் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. அதில் தந்திருக்கும் உதாரணங்களைப் படித்தபோது அக்காவின் டிக்கெட்தான் நினைவுக்கு வந்தது. விமான டிக்கெட்டோடு காப்பீட்டைத் தானாகச் சேர்ப்பது, ஒரு விலையைக் காட்டிக் கடைசியில் கூடுதலாக வாங்குவது, காப்பீடு வேண்டாம் என்பவரைப் 'பாதுகாப்பில்லாமல் போகிறேன்' என்ற பொத்தானை அழுத்த வைப்பது, 'இரண்டே அறைகள் மீதம்' என்று பொய்யாக அவசரப்படுத்துவது, எல்லாம் அதில் இருக்கின்றன. 2025 ஜூனில், மூன்று மாதத்துக்குள் தங்களைத் தாங்களே தணிக்கை செய்துகொள்ளும்படி நிறுவனங்களுக்கு ஆணையம் அறிவுறுத்தியது. தவறு செய்பவரே தன் தவறைத் தேடினால் எவ்வளவு கிடைக்கும்?

ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச விலை இவ்வளவு என்று அதன் மேல் அச்சிட்டிருக்க வேண்டும். அந்தச் சட்டமும் உங்கள் துறையின் கீழ்தான் வருகிறது. அந்தப் பாக்கெட்டுக்கு ஒரு நியாயம், ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் டிக்கெட்டுக்கு ஒரு நியாயமா?

நான் கேட்பவை மூன்று. தவிர்க்க முடியாத கட்டணம் அனைத்தும் சேர்ந்த தொகையே தேடல் முடிவின் முதல் பக்கத்தில் தெரிய வேண்டும். காப்பீடு, இருக்கை, உணவு, நன்கொடை எதுவானாலும் பயணி தானே தேர்ந்தெடுத்தால் மட்டுமே கணக்கில் சேர வேண்டும். தணிக்கையை ஆணையமே நடத்தி, மீறிய நிறுவனங்களின் பெயரை ஊரறிய வெளியிட வேண்டும்.

இதைப் படிக்கும் பயணிகளுக்கும் ஒரு வார்த்தை. முதல் பக்க விலையை நம்பாதீர்கள். பணம் கட்டும் பக்கம் வரை போய், அங்கே நிற்கும் தொகைகளை ஒப்பிடுங்கள். விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தையும் ஒருமுறை பாருங்கள். கேட்காதது கணக்கில் சேர்ந்திருந்தால் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள்.

அமைச்சர் அவர்களே, அக்காவுக்குப் பார்த்துச் சொல்ல நான் இருந்தேன். பார்த்துச் சொல்ல ஆளில்லாதவர்களுக்கு உங்கள் விதிதான் துணை. அதை நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
டிக்கெட் போட்டுத் தரும் ஒரு பக்கத்து வீட்டுக்காரர்