இல்லமும் கல்வியும்: பள்ளி தந்த பெட்டகம்

ஊர்விட்டு ஊர் மாறி வாழும் நம் குடும்பங்களுக்கு அரசாங்கக் குவார்ட்டர்ஸின் இயல்பு நன்கு தெரியும். பதவி உள்ளவரை அது நம் வீடு. மாற்றல் உத்தரவு வந்துவிட்டால் குறித்த நாளுக்குள் சாவியை ஒப்படைத்தாக வேண்டும். பள்ளியும் கல்லூரியும் நம் பிள்ளைகளுக்கு வழங்கும் மின்னஞ்சலும் இணையச் சேமிப்பகமும் அத்தகையனவே. ஆயினும் ஆண்டுக்கணக்காக அவற்றில் சேர்ந்த பாடக் குறிப்புகளும், ஆய்வேடுகளும், தோழர்களுடன் எடுத்த நிழற்படங்களும் என்றும் அங்கேயே இருக்கும் என்று பிள்ளைகள் கவலையற்றிருந்து விடுகின்றனர். படிப்பு முடிந்து நிர்வாகம் கணக்கை மூடிய பின்னரே இழப்பின் அளவு தெரிகிறது.

நிர்வாகத்தை மட்டும் குறை கூறிப் பயனில்லை. கல்வி நிலையங்களுக்கு அளவற்ற இடம் அளித்து வந்த கூகுள் நிறுவனம், 2021-இல் அக்கொள்கையை மாற்றுவதாக அறிவித்து, 2022 முதல் ஒரு நிலையம் முழுமைக்கும் பொதுவாக 100 டெராபைட் என வரையறுத்தது. பல்லாயிரவர் பயிலும் இடத்தில் பழைய கணக்குகளை நீக்க நேர்வது இயல்பே.

ஆகவே நாம் செய்யத்தக்கன யாவை?

முதலாவது, கணக்கு மூடப்படும் நாளை நிர்வாகத்திடம் கேட்டறிதல். ஆண்டின் இடையே மாற்றலாகிச் செல்வோர் மாற்றுச் சான்றிதழ் பெறுமுன்பே இதைச் செய்தல் நலம். கூகுள் கணக்கு நீக்கப்பட்டால், 20 நாட்களுக்குள் மட்டுமே நிர்வாகி அதனை மீட்க முடியும். ஆயிரம் மைலுக்கு அப்பால் புதிய வீட்டில் சாமான்களைப் பிரித்து அடுக்குவதற்குள் அந்நாட்கள் கழிந்துவிடும்.

இரண்டாவது, படி எடுத்தல். நிர்வாகம் அனுமதித்திருப்பின், கூகுளின் ‘டேக்அவுட்’ வசதி வழியே கோப்புகளையும் கடிதங்களையும் சொந்த ஜிமெயில் கணக்கிற்கு மாற்றலாம். அங்கே இலவச இடம் பொதுவாக 15 ஜிபி மட்டுமே. ஆதலின் வன்தட்டிலும் ஒரு படி இருக்கட்டும். கூகுள் டாக்ஸில் எழுதியவற்றை வேர்டு அல்லது பிடிஎஃப் வடிவில் இறக்கிக்கொள்க. கணினியில் தோன்றும் அதன் சின்னம் வெறும் சுட்டியேயன்றிக் கட்டுரையன்று.

மூன்றாவது, மென்பொருள். ஆட்டோகேட் போன்றவற்றின் மாணவர் உரிமம் படிப்போடு முடிவது. வரைபடம் நம்மிடம் இருக்கும். அதைத் திருத்தும் கருவி இராது. உரிமம் உள்ளபோதே பிடிஎஃப் படியும் எடுத்து வைப்பது அறிவுடைமை. வேர்டு, எக்செல் கோப்புகளைத் திறக்க இலவசமான லிப்ரே ஆபீஸ் போதும்.

நான்காவதே மிக முக்கியமானது. தேர்வு விண்ணப்பம், வேலை விண்ணப்பம், வங்கிக் கணக்கு ஆகியவற்றில் பள்ளி மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்திருந்தால் உடனே மாற்றுக. இல்லையேல் நேர்முகத் தேர்வுக்கான அழைப்பும், கடவுச்சொல்லை மீட்கும் குறியீடும் கைக்கு வந்து சேரா.

பெற்றோர்களே, இறுதித் தேர்வு முடிந்த வாரத்திலேயே ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்கிப் பிள்ளைகளுடன் அமருங்கள். வீடு மாறும்போது பழைய இட்லித் தட்டைக்கூட மறவாமல் மூட்டை கட்டும் நாம், பிள்ளைகளின் பல்லாண்டு உழைப்பை விட்டுச் செல்லலாமா?