ஏணியில் எண்ணிய மீன்கள் மட்டும் போதுமா?

லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 2017 ஏப்ரல் 26 அன்று ஜெர்மனிக்கு எதிராக ஒரு தீர்ப்பு வழங்கியது. ஆற்று மீன்களைக் கண்காணிக்கும் வேலையில் இருக்கும் எவரும் அதை ஒருமுறையாவது படித்திருக்க வேண்டும். வழக்கு, ஹாம்பர்க் நகரில் எல்பே ஆற்றங்கரையில் எழுந்த மூர்பர்க் அனல்மின் நிலையத்தைப் பற்றியது. குளிர்விப்பதற்காக அந்த நிலையம் ஆற்றிலிருந்து பெருமளவு நீரை இழுப்பதாகத் திட்டம். நீரோடு மீன்களும் உள்ளே போய்ச் சாகும் நிலை இருந்தது. மேலே உள்ள பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குச் செல்லும் சால்மன், ஆற்று லாம்ப்ரே, கடல் லாம்ப்ரே ஆகியவற்றுக்கு வேறு வழி கிடையாது. இந்த இழப்புக்கு ஈடாக, சுமார் 30 கிலோமீட்டர் மேலே கீஸ்தாக்ட் தடுப்பணையில் ஒரு பெரிய மீன்வழி (மீன் ஏணி) அமைத்துத் தருவதாக ஏற்பாடு. அந்த நம்பிக்கையில் 2008இல் அனுமதியும் கிடைத்தது.

மீன்வழி 2010இல் திறக்கப்பட்டது. குறைசொல்ல முடியாத கட்டுமானம். சுமார் 550 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலமுள்ள தொட்டிகள், மூன்று மீட்டர் நீள ஸ்டர்ஜன்கூடத் திரும்பி நீந்தும் அளவுக்கு இடம். மேல்முனையில் பொறி வைத்து, ஏறி வந்த மீன்களை இனம் பிரித்து எண்ணினார்கள். சில ஆண்டுகளிலேயே எண்ணிக்கை லட்சங்களைத் தாண்டியது. ஆனாலும் ஜெர்மனி தோற்றது. அந்த ஏணி எவ்வளவு பயன்தரும் என்பது பல ஆண்டுக் கண்காணிப்புக்குப் பிறகே தெரியும் என்று, அனுமதிக்கு அடிப்படையாக இருந்த மதிப்பீட்டு அறிக்கையே ஒப்புக்கொண்டிருந்தது. அப்படியானால், அனுமதி தந்த நாளில் ஏணியைக் காட்டி இழப்பைக் கழித்துக்கொள்ள முடியாது என்றது நீதிமன்றம். அத்தோடு, அதே கீஸ்தாக்ட்டில் 1958 முதல் இயங்கும் நீரேற்று மின்நிலையத்தின் பாதிப்பையும் மூர்பர்க்கின் பாதிப்பையும் சேர்த்துப் பார்க்கத் தவறியதையும் குற்றமாகக் கண்டது.

கண்காணிப்பு என்பது கட்டி முடித்தபின் ஒட்டவைக்கும் நல்லெண்ணச் சான்றிதழ் அல்ல என்று சட்டத்தின் மொழியிலேயே எழுதிவைத்த தீர்ப்பு இது. நம் துறையில் பலர் இன்னும் அதை அப்படித்தான் நடத்துகிறோம். மீன்வழி கட்டு, கேமரா வை, ஆண்டு இறுதியில் இத்தனை ஆயிரம் மீன் ஏறின என்று அறிக்கை கொடு. அந்த அறிக்கை பொய்யில்லை. ஆனால் ஏணிக்கு அடியில் எத்தனை மீன் வந்து நின்றன, எத்தனை வாசல் தெரியாமல் திரும்பின, எத்தனை நாள் காத்திருந்து ஏறின என்பது அதில் இருக்காது. ஆயிரம் மீன் ஏறிய அணைக்குக் கீழே ஆயிரத்து நூறு மீன் காத்திருந்திருக்கலாம், பத்தாயிரமும் இருந்திருக்கலாம். இரண்டுக்கும் பொறியில் விழும் எண் ஒன்றுதான்.

ரைன் ஆற்றில் இந்தக் கேள்வி அணைக்கு அணை அடுக்கிக்கொண்டே போகிறது. 1986 நவம்பரில் பாசெல் அருகே சாண்டோஸ் வேதிப்பொருள் நிறுவனத்தின் கிடங்கு தீப்பற்றி, நச்சுக் கலந்த நீர் ஆற்றில் இறங்கியபின், ரைன் கரை நாடுகள் சால்மனை மீண்டும் கொண்டுவருவதை இலக்காக வைத்தன. கடலிலிருந்து ஏறும் மீனுக்கு முதல் பெரிய தடை இஃபெட்சைம். அங்கே 2000இலும் அடுத்துள்ள காம்ப்சைமில் 2006இலும் மீன்வழிகள் திறந்தன. ஸ்ட்ராஸ்பூர்க்கும் கெர்ஸ்தைமும் பின்னர் வந்தன. 2020க்குள் சால்மன் பாசெலை எட்ட வேண்டும் என்று 2013இல் அமைச்சர்கள் தீர்மானித்தார்கள், எட்டவில்லை. இஃபெட்சைமிலிருந்து கெம்ப்ஸ் வரை பத்து அணைக்கட்டுகள். ஒவ்வொன்றிலும் வந்த மீனில் நூற்றுக்குத் தொண்ணூறு கடந்துவிடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பொறியாளரும் பெருமைப்படக்கூடிய அளவு அது. பத்தாவது அணையைத் தாண்டும்போது நூற்றில் 35தான் மிஞ்சும். தனித்தனியாக ஒவ்வொரு அணையின் அறிக்கையும் நன்றாகவே இருக்கும். ஆறு முழுவதற்குமான கணக்கைப் போடும்போதுதான் தோல்வி கண்ணுக்குத் தெரியும்.

மேலே ஏறுவதைவிட, கீழே இறங்குவதைக் கண்காணிப்பது கடினம். ஏறும் மீன் ஒரு வாசலைத் தேடி வரும். இறங்கும் மீன் நீரோட்டத்தின் பெரும்பகுதி எங்கே போகிறதோ அங்கே போகும். பெரும்பகுதி போவது டர்பைனுக்கு. பெர்லினில் உள்ள லைப்னிட்ஸ் நன்னீர்ச் சூழலியல், உள்நாட்டு மீன்வள நிறுவனத்தைச் சேர்ந்த ரடிங்கர் குழுவினர், 15 நாடுகளில் 122 மின்நிலையங்களில் 75 இனங்களைச் சேர்ந்த 2,75,000க்கும் மேற்பட்ட மீன்களின் தரவுகளைத் திரட்டி 2021இல் வெளியிட்டார்கள். டர்பைன் வழியே சென்ற மீன்களில் சராசரியாக 22.3 சதவீதம் செத்தன, அல்லது சாகும்படி காயப்பட்டன. இந்த ஒற்றை எண்ணை எடுத்துக்கொண்டு எல்லா அணைக்கும் ஒட்டுவோர் உண்டு. அந்த ஆய்வின் தலைப்பே அதற்கு எதிரானது: இழப்பு உறுதி, ஆனால் அளவு இடத்துக்கு இடம் மாறும் என்பதுதான் அவர்கள் சொன்னது. டர்பைனின் வகை, சுழலும் வேகம், நீர் விழும் உயரம், மீனின் நீளம் எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கும் அளவு அது. ஆகவே உள்ளூரில் அளக்காமல் தப்ப வழியில்லை.

அளப்பது எப்படி என்பதற்கு பவேரியாவில் நடந்த வேலையைப் பார்க்க வேண்டும். மாநிலச் சுற்றுச்சூழல் அலுவலகத்துக்காக மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யூர்கன் கைஸ்ட் தலைமையிலான குழு பல ஆண்டுகள் சிறு மின்நிலையங்களில் இறங்கி வேலை செய்தது. டர்பைனின் வெளிவாயை முழுவதும் அடைக்கும் பைவலையை ஆற்றில் கட்டுவார்கள். குறித்த நேரத்துக்கு ஒருமுறை வலையின் வால்முனையை அவிழ்த்து மீன்களைத் தொட்டியில் விடுவார்கள். ஒவ்வொரு மீனையும் கையில் எடுத்துச் செதில் உதிர்ந்திருக்கிறதா, துடுப்பு கிழிந்திருக்கிறதா, செவுள் மூடி மடங்கியிருக்கிறதா, கண்ணில் ரத்தம் கட்டியிருக்கிறதா, திடீர் அழுத்த மாற்றத்தால் காற்றுப்பை சிதைந்திருக்கிறதா என்று ஒரே படிவத்தில் குறிப்பார்கள். வெளியே ஒரு கீறலும் இல்லாத மீனை எக்ஸ்ரேயில் வைத்தால் முதுகெலும்பு முறிந்திருப்பது தெரியும். அன்றைக்கு நீந்திய மீன் அடுத்த சில நாளில் சாகிறதா என்று தொட்டியில் வைத்துப் பார்ப்பார்கள்.

இவ்வளவும் செய்தபின் வருவதுதான் முக்கியமான கேள்வி: இந்தக் காயம் டர்பைன் தந்ததா, வலை தந்ததா? வலைக்குள் நீரோட்டம் மீனைத் துணியோடு அழுத்தும். சருகும் குச்சியும் உராயும். எவ்வளவு நேரம் வலையில் கிடந்ததோ அவ்வளவு சேதம். அதனால் டர்பைன் வழியே செல்லாமல், வலையில் மட்டும் விடப்பட்ட மீன்கள் ஒரு தொகுதி; கையாளப்பட்டு வேறெதற்கும் உள்ளாகாத மீன்கள் இன்னொரு தொகுதி. இந்த ஒப்பீட்டுத் தொகுதிகளுக்கு ஆகும் செலவைத்தான் எந்த ஒப்பந்தப் புள்ளியிலும் முதலில் வெட்டுவார்கள். வெட்டியபின் கிடைக்கும் எண் மின்நிலையத்தைப் பற்றியதா வலையைப் பற்றியதா என்று யாராலும் சொல்ல முடியாது. பவேரியக் குழு அதை வெட்டவில்லை. அதனால்தான், மீனுக்கு உகந்தவை என்ற பெயரோடு வந்த புதுவகை டர்பைன்களும் எல்லா இடத்திலும் எல்லா இனத்துக்கும் பழையவற்றைவிட மேலானவை அல்ல என்ற முடிவை அவர்களால் துணிந்து சொல்ல முடிந்தது. அந்தத் துணிவு நிதி தந்தவர்களுக்கு எப்போதும் இனிக்காது. கண்காணிப்புத் திட்டம் ஒன்றை நம்பலாமா என்று தெரிந்துகொள்ள நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: மோசமான பதில் வந்தால் அதை ஏற்க அந்தத் திட்டத்தில் இடம் இருக்கிறதா?

ரேடியோ டேக் பொருத்தி மீனைத் தொடர்வதிலும் இப்படி ஒரு பள்ளம் இருக்கிறது. ரைனின் துணையாறான சீக் ஆற்றில் உன்கெல்முய்லே என்ற சிறு மின்நிலையத்தில் 10 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள கம்பித்தடுப்பைப் பொருத்தினார்கள். கடலுக்கு இறங்கும் இளம் சால்மன் டர்பைனுக்குள் நுழைய முடியாது. டேக் பொருத்திய மீன்களை ஓர் ஆய்வுக் குழு தொடர்ந்தபோது, டர்பைன் கொல்லாவிட்டாலும் தேக்கநீர்ப் பகுதியில் மீன்கள் தயங்கி நின்றதும், அங்கே இழப்பு கூடியதும் தெரியவந்தது. நீர் ஓடாத இடத்தில் வேட்டை மீன்களுக்கு வசதி அதிகம். தடுப்பின் முன்னால் மட்டும் எண்ணியிருந்தால் இந்த இழப்பு கணக்கிலேயே வந்திருக்காது. ஜெர்மன் ஆறுகளில் இதே குழுவினர் செத்த மீன்களுக்கும் டேக் பொருத்தி ஆற்றில் விட்டுப் பார்த்தார்கள். செத்த மீன் கிலோமீட்டர் கணக்கில் மிதந்து போனது. கரையில் நிற்கும் ஏற்பி அதன் சமிக்ஞையைப் பிடித்து, ஒரு மீன் அணையைக் கடந்தது என்று பதிவுசெய்யும். அணையில் இருந்து எத்தனை மீட்டர் தள்ளி முதல் ஏற்பியை வைப்பது என்ற சின்ன முடிவில் ஒரு மின்நிலையத்தின் நற்பெயரே அடங்கியிருக்கிறது.

விலாங்குக்கு ஜெர்மனியில் வேறொரு ஏற்பாடு. கடலுக்கு இறங்கும் முதிர்ந்த விலாங்கு நீளமானது; டர்பைன் இலையில் அடிபடும் வாய்ப்பு மற்ற மீன்களைவிட அதிகம். ஆனால் அவை இறங்குவது இலையுதிர் கால வெள்ளத்தையொட்டிய சில இரவுகளில்தான் பெரும்பாலும் நடக்கும். ஃபுல்டா ஆற்றில் வான்ஹவுசன் மின்நிலையத்தில் ஆற்றுநீர் ஓடும் தொட்டிகளில் விலாங்குகளை வைத்தார்கள். ஆற்றில் உள்ள சகோதரர்கள் கிளம்பும் நேரத்தில் தொட்டியில் இருப்பவையும் அமைதியிழந்து அலையும். அந்த அசைவு எச்சரிக்கையாக மாறி, டர்பைன் இயக்கத்தை மாற்றச் சொல்லும். மிக்ரோமாட் என்று பெயர். மீனையே அளவுகருவியாக வைத்த இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. மொசெல் ஆற்றிலோ பல ஆண்டுகளாக அணைகளுக்கு மேலே மீனவர்கள் பிடிக்கும் விலாங்குகளை வண்டியில் ஏற்றி ரைனில் கொண்டுபோய் விடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2007ஆம் ஆண்டு விலாங்கு ஒழுங்குமுறை வைத்த இலக்கு கவனிக்கத்தக்கது: மனிதத் தாக்கமே இல்லாதிருந்தால் கடலுக்குப் போயிருக்கக்கூடிய முதிர்ந்த விலாங்குகளின் மொத்த எடையில் குறைந்தது 40 சதவீதம் போய்ச் சேர வேண்டும். எதை வைத்து வகுப்பது என்பதைச் சட்டமே சொல்லிவிட்டது. எத்தனை டன் ஏற்றினோம் என்று மட்டும் அறிக்கை கொடுத்துத் தப்ப முடியாது.

இதையெல்லாம் சொல்வதால் ஜெர்மனியின் ஆறுகள் நலமாக இருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே ஏறத்தாழ 8,300 நீர்மின் நிலையங்கள். பத்தில் ஒன்பதுக்கு மேல் ஒரு மெகாவாட்டுக்கும் குறைந்தவை. நீர்நிலைகளில் நல்ல சூழலியல் நிலையை எட்டியவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் அந்தத் தோல்வியை அவர்களால் எண்ணாகச் சொல்ல முடிகிறது. 2000ஆம் ஆண்டின் ஐரோப்பிய நீர்ச் சட்டகத்தின் கீழ், அந்த ஆற்றுப் பகுதியில் இயல்பாக எந்த இனங்கள் எந்த விகிதத்தில் இருக்க வேண்டும் என்று முதலில் எழுதிவைத்து, மின்சாரத்தால் மீன் பிடிக்கும் மின்பிடிப்பில் கிடைத்ததை அதோடு ஒப்பிடுகிறார்கள். குஞ்சுகள் இருக்கின்றனவா என்பதும் மதிப்பெண்ணில் சேரும். பெரிய ஆறுகளில் மின்பிடிப்பு கரையோரத்தைத்தான் தொடும். நடு ஆழம் தப்பிவிடும். அந்தக் குறையும் அவர்களுக்குத் தெரிந்ததே.

இனி நம் ஆற்றுக்கு வருவோம். 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் காவிரியில் உல்லம் மீன்பிடிப்பு சரிந்ததை அக்கால மீன்வளத் துறையினர் எழுதிவைத்தார்கள். இன்று மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என நான்கு கதவணை மின்நிலையங்கள், அதற்கும் கீழே பவானி கட்டளைக் கதவணைகள் என்று ஆறு படிப்படியாகத் தேங்கி நிற்கிறது. ரைனின் பத்து அணைக் கணக்கு இங்கும் பொருந்தும். கதவணைக்குக் கீழே வலைவீசும் மீனவருக்கு நல்ல பாடு கிடைக்கிறது என்றால், மேலே போக முடியாத மீன்கள் அங்கே குவிந்திருக்கின்றன என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். பிடி கூடியதை வைத்து வளம் கூடியதாக எழுதிவிடக் கூடாது. இருப்புவிடப்பட்ட கட்லாவையும் ரோகுவையும் ஆற்றில் பிறந்த மீனோடு சேர்த்து எண்ணினால் எந்த ஆறும் செழிப்பாகத் தெரியும். ஜூன் 12 அன்று மேட்டூரில் நீர் திறக்கும் ஆண்டுகளில் முதல் நீர் இறங்கும் சில நாட்களில் என்ன நடக்கிறது என்பதை, ஜனவரியில் ஒருமுறையும் ஏப்ரலில் ஒருமுறையும் எடுக்கும் மாதிரி சொல்லாது.

ஆகவே, இந்த இதழுக்கு ஆய்வுக் கட்டுரை அனுப்புவோரிடம் ஒரு கோரிக்கை. அணைக்கு அருகே எடுத்த எந்த மீன் தரவானாலும், வலையின் கண்ணி அளவு, வலை நீரில் கிடந்த நேரம், அந்த நேரத்தில் எத்தனை டர்பைன்கள் ஓடின, கதவுகள் திறந்திருந்தனவா, வெளியேறிய நீரின் அளவு ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். எதுவும் கிடைக்காத நாட்களின் பதிவையும் விடாமல் சேருங்கள். அணைக்கு மேலும் கீழும் ஒரே முறையில், ஒரே வாரத்தில் எடுத்த மாதிரிகளுக்கு முன்னுரிமை தருவோம். கதவணைகளில் பணிபுரியும் மின்வாரியப் பொறியாளர்கள் டர்பைன் இயக்க நேரப் பதிவைப் பகிர்ந்தால், அவர்கள் பெயரும் கட்டுரையாசிரியர் வரிசையில் இடம்பெற வேண்டும் என்பது ஆசிரியர் குழுவின் முடிவு.