கிழமை யாருக்குக் கிழமை?

கிழமை என்னும் சொல் நாளுக்குப் பெயர். உரிமைக்கும் அதுவே பெயர். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஞாயிற்றுக்கு உரிய நாள் என்பதே பொருள். ஆறாம் வேற்றுமையை விளக்கவந்த நன்னூலார், ஒன்றைவிட்டுப் பிரிக்க இயலாத உடைமையைத் தற்கிழமை என்றும், பிறர் கைக்கு மாறக்கூடிய உடைமையைப் பிறிதின்கிழமை என்றும் வகுத்தார். முருகனது கை என்பது தற்கிழமை. முருகனது வீடு என்பது பிறிதின்கிழமை. நண்பர் தம்முள் எடுத்துக்கொள்ளும் உரிமையைத் திருவள்ளுவர் கிழமை என்றே குறித்தார். தொல்காப்பியத்தில் அன்பால் இணைந்த ஆணும் பெண்ணும் கிழவன், கிழத்தி என வழங்கப்பெறுகின்றனர். வகுப்பறையில் இச் சொற்களைக் கேட்கும் இளையோர் தலைநரைத்த இருவரை எண்ணிக்கொண்டு நகைப்பதுண்டு. ஒருவர்க்கொருவர் உரியோர் என்பதன்றி அங்கே அகவைக்கு இடமே இல்லை.

நாளையும் உரிமையையும் இணையரையும் ஒரே வேரில் கட்டிவைத்திருக்கும் மொழி இது. இதனைப் பேசுவோர், அம் மூன்றும் ஒருங்கே கூடிவரும் இரண்டு நாளுக்குத் தம்மிடம் பெயரில்லாதவர் போல 'வீக்கெண்டு' என்கின்றனர். கடலோரத்தில் போய்த் தங்கும் மனைக்கு 'ரிசார்ட்டு' என்கின்றனர். கிழமையிறுதி என்றும் கடலோர ஓய்வில்லம் என்றும் சொன்னால் நாக்கு சுளுக்கிவிடுமா?

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்சாலைத் தடத்தில் வெள்ளிக்கிழமை மாலையில் நின்று பார்ப்போர்க்கு இச் சொற்களின் ஆட்சி விளங்கும். 1998ஆம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டையிலிருந்து மகிழுந்துகள் வெளிவரத் தொடங்கின. 2010ஆம் ஆண்டு ஒரகடத்தில் இரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. நெல்லும் ஏரியுமாய்க் கிடந்த தொண்டைநாட்டுச் சிற்றூர்கள் இன்று உலகச் சந்தைக்கு வண்டியும் கைப்பேசியும் வார்த்துக் கொடுக்கின்றன. இரண்டு நாள் விடுப்புப் பெற்ற இளம் பொறியாளனும் அவன் துணைவியும் படப்பை, வண்டலூர், கேளம்பாக்கம் வழியே கோவளத்துக்கோ, செங்கற்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியே மாமல்லபுரத்துக்கோ விரைகின்றனர். ஐந்து நாள் கணிப்பொறித் திரையையும் மேலாளரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்த கண்களுக்கு அலையும் மணலும் வேண்டியிருக்கின்றன. அதைவிட, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதனை மேலையர் கேடு என்று கடிந்துரைக்கும் பெரியோர் நம்மவரிலும் உளர். கணவனும் மனைவியும் வீட்டைப் பூட்டிக்கொண்டு தனியிடம் தேடிப் போவது தமிழ்ப் பண்பன்று என்பது அவர்தம் கருத்து. அவர்கள் தமிழ் நூலைத் திறந்து பாராதவர்கள் என்று சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. 'ஆனிமூன்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துத் தேனிலவு என்று நாம் வழங்கத் தொடங்கியது அண்மையில்தான். ஆனால் இணையர் கடற்கரையில் தனித்திருத்தல் என்னும் வழக்கம் யாரிடமிருந்தும் கடன்பெற்றதன்று. கடலும் கடல் சார்ந்த நிலமுமாகிய நெய்தலை அகவொழுக்கத்தின் ஐந்து நிலங்களுள் ஒன்றாக வைத்தவர்கள் நாம். கடலோரச் சோலைக்குக் கானல் என்று தனிப்பெயரிட்டவர்களும் நாமே. இன்று கானல் என்றதும் கானல்நீர் ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது என்றால், குறை சொல்லிலே இல்லை.

சிலப்பதிகாரத்தின் கானல்வரியை எடுத்துக்கொள்வோம். புகார்க் கடற்கரையில், புன்னை நிழலில், ஓவியத் திரைகளைச் சுற்றிலும் வளைத்துக் கட்டி, அவற்றுக்குள்ளே கோவலனும் மாதவியும் அமர்ந்தனர். யாழ் கைமாறியது, பாட்டு பிறந்தது, பாட்டின் உட்பொருளை ஐயுற்றுக் கோவலன் எழுந்து போனான். பிறர் கண்படாத தனிக் கடற்கரை என்று இன்றைய விளம்பரங்கள் எதைக் கூவி விற்கின்றனவோ, அதனை இளங்கோவடிகள் எழினி கட்டிக் காட்டிவிட்டார். பெருவணிகன் மகனுக்குத் திரை வாங்கப் பொருளிருந்தது.

அதே புகாரைப் பாடிய பட்டினப்பாலையில் வேறொரு காட்சி இருக்கிறது. பலர் அதைக் கடந்துபோய்விடுகின்றனர். முழுநிலா நாளில் பரதவர் கடலுக்குள் மீன்பிடிக்கப் போவதில்லை. சுறாவின் கொம்பை மணலில் நட்டு வழிபடுகின்றனர்; தாழை மலரைச் சூடிக்கொள்கின்றனர்; தழையாடை உடுத்த தம் பெண்டிரோடு உண்டும் கள் பருகியும் வெண்மணலில் ஆடித் திரிகின்றனர். இங்கே திரையும் இல்லை, எழினியும் இல்லை. உழைக்கும் கூட்டம் முழுவதும் ஒருங்கே வேலை நிறுத்திய நாள் அது. ஒவ்வொரு கிழவனுக்கும் அவன் கிழத்தி அருகில் இருந்தாள். இப் பாட்டைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே கச்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பெரும்பாணாற்றுப்படையில் பாடியவர். அந் நூலில் வரும் நீர்ப்பெயற்று என்னும் துறைநகரை மாமல்லபுரத்தோடு பொருத்திக் காண்போரும் உளர். எனவே ஒரகடத்துக் கரைக்கும் அவர் புறத்தவர் அல்லர்.

இன்றைய கரை எப்படி இருக்கிறது? கோவளத்தில் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆர்க்காட்டு நவாபு ஒரு கோட்டை எழுப்பினார். பிரெஞ்சியர் கைக்குப் போன அதனை 1752ஆம் ஆண்டு இராபர்ட்டு கிளைவு கைப்பற்றித் தகர்த்தான். அக் கோட்டை நின்ற இடத்தில் 1974ஆம் ஆண்டு தாசு குழுமத்தின் பெருவிடுதி ஒன்று எழுந்தது. அதன் பெயர் 'பிசர்மேன்சு கோவ்'. மீனவனின் கடற்குடா என்று பொருள்படும் பெயர். ஆனால் மீனவன் படித்தறிய முடியாத மொழியில் வைத்த பெயர். இதற்குப் பின் கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் முளைத்த ஓய்வில்லங்களின் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே போகும் அயலவன் ஒருவன், தான் தமிழ்நாட்டில் இருப்பதை அறிந்துகொள்ளப் பேருந்தின் நெற்றியைத்தான் பார்க்க வேண்டும்.

பெயரோடு முடிந்ததா கொள்ளை? 'பிரைவேட்டு பீச்சு' என்று விளம்பரம் செய்கிறார்களே, கடற்கரை யாருக்குத் தனியுடைமை? 1991ஆம் ஆண்டு நடுவணரசு கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையை வெளியிட்டது. பொதுமக்கள் கடலுக்குச் சென்றுவர, இரண்டு விடுதிகளுக்கிடையே குறைந்தது 20 மீட்டர் அகலத்துக்கு இடம் விடப்படவேண்டும் என்று அதில் எழுதிவைத்தனர். அறிவிக்கையில் வழி இருக்கிறது. மதில் ஓரத்தில் நடந்து தேடுவோர்க்கு அவ் வழி எளிதில் கிட்டுவதில்லை. வலையைத் தோளிலிட்ட பரதவன் அவ் விடுதிக்கு முன்னுள்ள மணலில் நின்றால் விருந்தினர்க்கு இடையூறு என்கின்றனர். அவன் பெயரை மட்டும் வாயிலில் பொறித்துக்கொள்கின்றனர்.

இத்தனையும் விடுப்புக் கிடைத்த பொறியாளனைப் பற்றியன. தடத்தின் பெரும்பகுதி அவனல்லன். பொருத்துமேடையில் நின்று கைப்பேசிக்குத் திருகாணி முடுக்கும் பெண்ணும், வண்டிக்குக் கதவு மாட்டும் ஒப்பந்தத் தொழிலாளியும் கடலிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தும் கடலைப் பாராமலே ஊர் திரும்புவோர். அவர்கள் சிப்டு என்று சொல்லும் முறைப்பணி இரவையும் பகலையும் கலைத்து அடுக்குகிறது. கணவன் இரவுப் பணியிலும் மனைவி பகற்பணியிலும் இருக்கும் இல்லங்களில் ஒருவர் கதவைத் திறக்கும்போது மற்றவர் செருப்பை மாட்டிக்கொள்கிறார். அடுப்பின்மேல் மூடிவைத்த குழம்புதான் இருவர்க்கும் இடையிலான உரையாடல்.

இணையராய் இருப்பதே தடையாகிப்போன கதையும் இத் தடத்தில் உண்டு. திருப்பெரும்புதூர்ப் பாக்சுகான் ஆலையில் ஆப்பிள் கைப்பேசியைப் பொருத்தும் வேலைக்கு மணமான பெண்கள் ஒதுக்கப்பட்டனர் என்று 2024ஆம் ஆண்டு சூன் திங்களில் இராய்ட்டர்சு செய்தி நிறுவனம் ஆய்ந்து வெளியிட்டது. மணமானோர்க்குக் குடும்பப் பொறுப்பு மிகுதி என்பது ஆளெடுப்போர் காட்டிய ஏதுக்களுள் ஒன்று. நிறுவனம் வேறுபாடு காட்டவில்லை என மறுத்தது. நடுவணரசின் தொழிலாளர் துறை தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. அச் செய்தி கூறியது உண்மையாயின் அதன் பொருள் ஒன்றே: கிழத்தி என்னும் பெயர் பெற்ற பெண், வேலைக்கு உரியவள் அல்லள்.

2021ஆம் ஆண்டு திசம்பரில் அதே ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகிப் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்தம் தோழியர் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். ஆலை சில கிழமைகள் மூடிக்கிடந்தது. அதன்பின் வல்லம் வடகாலில் அரசு 706 கோடி உருவாவுக்கு மேல் செலவிட்டு 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பைக் கட்டி 2024ஆம் ஆண்டு ஆகத்தில் திறந்தது. நல்ல செயல், நாற்றமடிக்கும் அறையில் நெருக்குண்டு கிடந்தவர்க்குக் காற்றோட்டமான அறை கிடைத்தது. ஆயினும் 18,720 பேரையும் தனியராகவே எண்ணிக் கட்டிய வீடு அது. அவர்களுள் ஒருத்தி நாளை ஒருவனுக்குக் கிழத்தியாவாளாயின் அவ்விருவரும் சேர்ந்திருக்க இத் தடத்தில் யார் வீடு கட்டுகிறார்கள்?

ஓய்வு நாள் என்பது முதலாளி மனமிரங்கி ஈந்ததன்று. ஏழு நாளில் ஒருமுறை தொடர்ந்து 24 மணி நேரம் தொழிலாளிக்கு ஓய்வு வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1921ஆம் ஆண்டு உடன்படிக்கை வகுத்தது. இந்தியா அதனை 1923ஆம் ஆண்டு ஏற்றது. அதே 1923ஆம் ஆண்டு மே முதல் நாளில்தான் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மேநாளைக் கொண்டாடினார். இந்நாட்டில் கொண்டாடப்பெற்ற முதல் மேநாள் அது. கொண்டாடியவர் மீனவர் குடியில் தோன்றியவர். கொண்டாடிய இடம் கடற்கரை மணல். பட்டினப்பாலைப் பரதவர் முழுநிலாவன்று கூடிய அதே கீழைக் கடலின் மணலில், அவர் வழிவந்த ஒருவர் எட்டு மணி நேர வேலையைக் கேட்டார்.

சரியாக நூறாண்டு கழித்து, 2023ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள், நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலைவாங்க இடந்தரும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. நான்கு நாள் உழைத்தால் மூன்று நாள் ஓய்வு என்று அதற்கு இனிப்பும் தடவினர். மூன்று நாள் கடற்கரைக்குப் போகலாமே என்று மயங்கியவரும் இருந்தனர். பன்னிரண்டு மணி நேரம் நின்று, அதற்குமேல் மூன்று மணி நேரம் பேருந்தில் அலைந்து வந்தவன் நான்கு நாளும் தன் குழந்தை உறங்கும் முகத்தைத்தான் காண்பான் என்பதை எவரும் கணக்கில் எழுதவில்லை. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. அத் திருத்தம் கைவிடப்படும் என மே முதல் நாளில் முதலமைச்சர் அறிவித்தார். பத்தே நாளில் மீண்டது உரிமை. ஆயினும் அது பிறர் கைக்கு எத்துணை எளிதாகப் போகக்கூடிய பிறிதின்கிழமையாய் இருந்தது என்பதை அப் பத்து நாள் காட்டிவிட்டன.

இவையெல்லாம் தொழிற்சங்கத்தார் பேசவேண்டியன, தமிழியக்கத்தார்க்கு இங்கு என்ன வேலை என்று கேட்கக்கூடும். சொல்லாக்கக் குழுவில் அமர்ந்து ஆயிரம் சொல் படைக்கலாம். அச் சொல்லைச் சொல்ல வாயும், கேட்கச் செவியும், இரண்டுக்கும் ஓய்வும் இருந்தால்தான் அது மொழி. ஆலைக்குள் பேசும் சொற்கள் பொறியின் பெயர்களும் மேலாளரின் கட்டளைகளும். அவை பெரும்பாலும் ஆங்கிலம். தமிழ் எஞ்சியிருப்பது கிழவனும் கிழத்தியும் மாலையில் பேசிக்கொள்ளும் பேச்சிலும், அவர்களுக்கிடையே படுத்துக் கதை கேட்கும் பிள்ளையின் காதிலுந்தான். அந்த மாலையை ஆலை எடுத்துக்கொண்டு, மிஞ்சிய இரண்டு நாளை ஆங்கிலப் பெயர்ப்பலகை எடுத்துக்கொண்டால், நாம் அச்சிடும் அகரமுதலிகளை யார் வீட்டில் வைப்பது?

ஆகலின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெயர்ப்பலகைக்காகப் போராடும் தோழர்கள் அதே கையோடு அந்த 20 மீட்டர் வழிகளையும் அளந்து பார்க்கட்டும். எங்கெங்கே அடைபட்டிருக்கின்றன என்று எழுதி மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கட்டும். திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிக் கிளைகள் ஆலைத் தொழிலாளரோடு அமர்ந்து, கணவன் மனைவி இருவரும் ஆலைகளில் உழைக்கும் குடும்பங்களில் இருவர்க்கும் ஒரே நாளில் ஓய்வு கிடைக்க முறைப்பணியை எப்படி மாற்றலாம் என்று கேட்டறியட்டும். ஓர் அரசுப் பேருந்து ஞாயிறுதோறும் காலையில் ஒரகடத்திலிருந்து கோவளத்துக்கு நேரே போய் மாலையில் திரும்புமாயின் அதற்கு ஆகும் செலவு பெரிதன்று. அதன் நெற்றியில் 'கோவளம் கானல்' என்று எழுதிவைக்கலாம்.