பழையது எது?

நேற்று இரவு உங்கள் வீட்டில் சாதம் மிஞ்சியதா? மிஞ்சியிருந்தால் அதை என்ன செய்தீர்கள்? பதில் சொல்லச் சங்கடமாக இருந்தால் சொல்ல வேண்டாம், ஊகித்துக்கொள்ளலாம். ஒரு சின்னப் பாத்திரத்தில் போட்டு ஃப்ரிட்ஜுக்குள் தள்ளியிருப்பீர்கள். நாலு நாள் கழித்து மூடியைத் திறந்து, முகர்ந்து பார்த்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு குப்பைக் கூடையில் கொட்டப் போகிறீர்கள். "பழையதை யார் சாப்பிடுவார்கள்?" என்று வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஒரே குரலில் கேட்கும்போது நீங்கள்தான் என்ன செய்வீர்கள், பாவம்!

சரி, அதே வீட்டில் குழந்தை பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போகும் பிஸ்கட் பொட்டலத்தைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். தயாரித்த தேதி பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தால், அது பிறந்து இரண்டு மாதமோ மூன்று மாதமோ ஆகியிருப்பது தெரியும். அதைப் பார்த்து, "ஐயே, பழையது!" என்று யாரும் சொல்வதில்லை. நேற்று நம் கையால் வடித்த சாதம் பழையது. மூன்று மாதத்துக்கு முன் எங்கோ ஓர் ஊரில் இயந்திரம் தள்ளிய பண்டம் புதியது. இது என்ன கணக்கு?

"சாதம் ஈரம், கெட்டுப்போகும், பிஸ்கட் உலர்ந்தது, கெடாது" என்பீர்கள். வாஸ்தவம். நம் வடாமும் வற்றலும் வருஷக்கணக்கில் இருக்கின்றனவே! ஒரு பண்டம் எத்தனை நாள் இருக்கிறது என்பதைப் பற்றிக் குறையே இல்லை. எதைச் சேர்த்ததால் இருக்கிறது என்பதுதான் விஷயம். வடாம் இருப்பது வெயிலாலும் உப்பாலும். பொட்டலத்தின் பின்புறம் சேர்மானங்களின் பட்டியல் இருக்கும். எடையில் எது அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது சட்டம். அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாகப் படியுங்கள். மைதா, சர்க்கரை, பாமாயில் என்று ஆரம்பித்து, பிறகு எண்களாகவும் வாயில் நுழையாத பெயர்களாகவும் போகும். உங்கள் அஞ்சறைப் பெட்டியிலும் சமையலறை அலமாரியிலும் இல்லாத பெயர்கள் அதில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

ஏறக்குறைய இந்த வழியில்தான் பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளர் கார்லோஸ் மொன்டேரோவும் அவருடைய குழுவினரும் உணவுகளை நாலு வகையாகப் பிரித்தார்கள். வீட்டுச் சமையலறையில் யாரும் வைத்திருக்காத பொருள்களைச் சேர்த்துத் தொழிற்சாலையில் உருவாக்கும் பண்டங்கள் நாலாவது வகை. அந்த வகையைக் குறைத்துக்கொள்ளும்படி 2014-ல் பிரேசில் அரசாங்கமே தன் ஜனங்களுக்கு உணவு யோசனை சொன்னது.

'சர்க்கரையும் உப்பும் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதானே?' என்று தோன்றலாம். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிலையத்தில் கெவின் ஹால் என்பவர் நடத்தி 2019-ல் வெளியிட்ட பரிசோதனையைக் கேளுங்கள். 20 பேரை நாலு வாரம் அங்கேயே தங்க வைத்தார்கள். இரண்டு வாரம் தொழிற்சாலைப் பண்டங்கள். இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த ஆகாரம். பரிமாறிய இரண்டு விதச் சாப்பாட்டிலும் சர்க்கரை, உப்பு, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். "வேண்டிய மட்டும் சாப்பிடுங்கள்" என்று விட்டுவிட்டார்கள். என்ன ஆயிற்று தெரியுமா? தொழிற்சாலைப் பண்டம் கிடைத்த நாட்களில் ஒவ்வொருவரும் தினம் சுமார் 500 கலோரி ஜாஸ்தியாகச் சாப்பிட்டார்கள். இரண்டு வாரத்தில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை ஏறிற்று. சமைத்த ஆகாரம் சாப்பிட்டபோது அதே அளவு இறங்கிற்று.

போதும் என்று வயிறு சொல்வதற்குள் கை அடுத்த துண்டை எடுத்துவிடுகிறது. பொட்டலத்தின் சாமர்த்தியம் அதுதான்.

இதற்கும் மிஞ்சிய சாதத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? நிறைய இருக்கிறது. சாயங்காலம் நாலரை மணிக்குப் பையன் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறான். ஒரு சிப்ஸ் பொட்டலம், ஒரு புட்டிப் பானம். 300 மில்லி இனிப்புப் பானத்தில் 30 கிராம் வரை சர்க்கரை இருக்கும். ஆறு, ஏழு டீஸ்பூன்! எட்டு மணிக்குத் தட்டு போட்டால் பசி எங்கிருந்து வரும்? இரண்டு கவளத்தைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுகிறான். அதே இரவில் பெரியவர்கள் செல்போனில் பரோட்டாவும் பிரியாணியும் வரவழைத்தால், நீங்கள் வடித்த சாதம் முழுசாக அப்படியே இருக்கும். மிச்சம் சமையலறையில் பிறந்ததாக நினைக்கிறோம். அநேகமாக அது நாலரை மணிக்கே பிறந்துவிடுகிறது.

மிச்சம் மொத்தமாக எவ்வளவு சேர்கிறது என்பதையும் பாருங்கள். ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டத்தார் 2024-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். 2022-ஆம் வருஷத்தில் உலகத்தில் வீணான உணவு 105 கோடி டன் என்கிறது அது. கலியாணச் சத்திரமும் ஹோட்டலும்தான் காரணம் என்று கையைக் காட்டிவிட முடியாது. அதில் 100-க்கு 60 பங்கு வீடுகளில் போனது. பணக்கார நாடுகளையும் குற்றம் சொல்லித் தப்ப முடியாது. வசதியான நாடுகளுக்கும் நடுத்தர நாடுகளுக்கும் தலைக்கு வருஷத்தில் ஏழு கிலோதான் வித்தியாசமாம். நம் தேசத்து வீடுகளில் தலைக்கு 55 கிலோ என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு 220 கிலோ. தினம் 600 கிராம். தோலும் கொட்டையும் எலும்பும் இதில் சேர்த்திதான். ஆனாலும் தோல் மட்டுமே 600 கிராம் வருமா?

இன்னொரு கணக்கு உங்களுக்குச் சுலபமாகப் புரியும். ஒரு கிலோ அரிசி விளைந்து வருவதற்கு, உலகச் சராசரியில், சுமார் 2,500 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. ஒரு பிடி அரிசி 40 கிராம் என்று வைத்துக்கொண்டால் 100 லிட்டர். அதாவது ஆறு, ஏழு குடம். கோடையில் தண்ணீர் லாரி வரும் சத்தம் கேட்டதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்கு ஒரு குடத்தின் அருமையைச் சொல்ல வேண்டுமா? தட்டில் ஒரு பிடிச் சாதத்தை ஒதுக்கும்போது ஆறு குடத்தைச் சாக்கடையில் கவிழ்க்கிறோம். அதோடு போகவில்லை. குப்பை மேட்டில் காற்றுப் படாமல் அழுகும் சோற்றிலிருந்து மீதேன் வாயு கிளம்பிப் பூமியின் சூட்டை ஏற்றுகிறது.

"அந்தக் காலத்தில் இப்படியா வீணாக்கினார்கள்?" என்று உங்கள் மாமியார் சொல்வார். உண்மைதான். மிஞ்சிய சாதம் காலையில் பழையதாயிற்று. மிஞ்சிய இட்லி உப்புமாவாயிற்று. மிஞ்சிய சாம்பாரும் ரசமும் குழம்பும் ஒரே சட்டியில் சேர்ந்து கொதித்து, புதுசை விட அதிக ருசியோடு சுண்டக் குழம்பாயிற்று. அரிசி களைந்த நீர்கூட மாட்டுக்குப் போயிற்று.

ஆனால் ஒரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. அந்தப் பழையதைச் சாப்பிட்டது யார்? காலையில் நீராகாரத்தை மோரும் உப்புமாகக் கரைத்துக் குடித்த பெரியவர்கள் உண்டு. வயலுக்குப் போன ஆண்கள் உண்டு. ஆனால் பட்டணத்து வீடுகளில் பெரும்பாலும் அம்மாதான்! எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, ஒரு மணிக்கு மேல் அடுப்பங்கரை மூலையில் உட்கார்ந்து, அடிக்கரண்டிச் சாதத்தையும் நேற்றுக் குழம்பையும் போட்டுக்கொண்டாள். "எனக்கு இதுதான் பிடிக்கும்" என்று வேறு சொல்லி வைத்தாள்! அந்தக் காலத்துச் சிக்கனத்தில் பாதி, அவள் வயிற்றில் நடந்த சிக்கனம்.

இந்த வழக்கம் இன்றைக்கும் முழுக்கப் போய்விடவில்லை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு ரத்த சோகை. தமிழ்நாட்டிலும் 53 பேர். இதற்குக் காரணங்கள் பல. கடைசியில் உட்கார்ந்து மிஞ்சியதைச் சாப்பிடும் வழக்கத்துக்கு இதில் பங்கே இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

ஆகையால், "பாட்டியைப் போல் மிச்சத்தை நீங்கள் சாப்பிடுங்கள்" என்று இந்தப் பக்கம் உங்களுக்கு உபதேசம் செய்யாது. உங்கள் வயிறு குப்பைக் கூடைக்குப் பதிலாள் அல்ல. வேலைக்கு வரும் அம்மாளின் வயிறும் அப்படியே. நாம் தொட மாட்டாததை அவளிடம் நீட்டிவிட்டுத் தர்மம் செய்ததாக நினைத்துக்கொள்ளக் கூடாது. மிச்சம் பொதுப் பந்திக்கு வர வேண்டும். மறுநாள் எல்லார் தட்டிலும், வீட்டுக்காரர் தட்டிலும் பையன் தட்டிலும், முதல் கரண்டி அதுதான். தீர்ந்த பிறகு புதுசு. இரண்டு நாள் இப்படிச் செய்து பாருங்கள். "இன்றைக்கு எத்தனை பேர் வீட்டில் சாப்பிடுகிறோம்?" என்று அவர்களே முன்கூட்டிச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். படியைக் குறைத்து அளக்க அதுவல்லவோ வழி!

இது நடக்காத காரியம் இல்லை. 1965-ல் தானியப் பற்றாக்குறை வந்தபோது, பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரத்தில் ஒரு வேளை, திங்கட்கிழமை இரவு, சாப்பாட்டை விட்டுவிடும்படி ஜனங்களைக் கேட்டுக்கொண்டார். அன்று இரவு ஹோட்டல்களும் அடுப்பை மூடின. அம்மா மட்டும் பட்டினி கிடக்கட்டும் என்று அவர் கேட்கவில்லை. வீடு முழுவதையும் கேட்டார். வீடு முழுவதும் கேட்டது.

மிச்சத்தைப் பந்திக்குக் கொண்டு வருவதென்றால் அது நல்ல மிச்சமாக இருக்க வேண்டும். இதில் கவனம் தேவை. சாதத்தை இரவு முழுவதும் அடுப்பு மேடையில் வெறுமனே மூடி வைக்காதீர்கள். அதில் பெருகும் ஒரு கிருமியின் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. சாப்பாடு முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள், ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பி, ஃப்ரிட்ஜில் கண்ணுக்கு நேரான தட்டில் வையுங்கள். பின்னால் தள்ளினால் மறந்தீர்கள்! மறுநாளே ஆவி பறக்கச் சூடாக்கித் தீர்த்துவிடுங்கள்.

பழையதாகவே வேண்டுமானால், சுத்தமான பாத்திரத்தில், சாதம் மூழ்க நல்ல தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையிலேயே சாப்பிட வேண்டும். அந்த நீரில் வளரும் நல்ல நுண்ணுயிர்கள் லேசான புளிப்பை உண்டாக்கி, மற்றவற்றை அடக்கி வைக்கின்றன. ஊசிப்போன வாடை வந்தால் மட்டும் தயங்காமல் கொட்டிவிடுங்கள். சிக்கனம் வைத்தியச் செலவில் முடியக் கூடாது.

பொட்டலமே வாங்காதீர்கள் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆபீஸிலிருந்து ஏழு மணிக்குத் திரும்பும் பெண்ணுக்குச் சௌகரியம் வேண்டாமா? அவசரத்துக்கு இருக்கட்டும். ஆனால் அந்த நாலரை மணியை மட்டும் காப்பாற்றிவிடுங்கள். ஒரு வாழைப்பழம், கொஞ்சம் வறுத்த வேர்க்கடலை, ஒரு பிடி பொட்டுக்கடலை வெல்லம், அல்லது மத்தியானம் மிஞ்சிய சாதத்தில் தயிர் ஊற்றிக் கடுகு தாளித்தது. இதற்கெல்லாம் அடுப்படியில் பத்து நிமிஷம்கூட நிற்க வேண்டாம். பையனே செய்துகொள்ளலாம், செய்துகொள்ளட்டுமே!

கடைசியாக ஒரு சின்ன வேலை. பால் கணக்கு எழுதும் நோட்டில் ஒரு பக்கத்தை ஒதுக்குங்கள். ஏழு நாட்களுக்கு, குப்பைக் கூடைக்குப் போகும் உணவு என்ன, எவ்வளவு, யார் தட்டிலிருந்து என்று மூன்று வரிசையாக எழுதுங்கள். நீங்கள் மட்டும் எழுத வேண்டாம். கொட்டுகிறவர் எவரோ அவரே தம் கையால் எழுதட்டும். எட்டாம் நாள் காலையில் அந்தப் பக்கத்தைச் சாப்பாட்டு மேஜை மேல் விரித்து வைத்துவிடுங்கள். நீங்கள் ஒரு வார்த்தையும் பேச வேண்டியிருக்காது.