மூக்கா, கொப்பளிப்பா?

2025 ஜனவரியில் பெங்களூரில் இரு குழந்தைகளிடம் எச்.எம்.பி.வி. கிருமி காணப்பட்டதும், கொரோனா காலத்துப் பரிசோதனைப் பேச்சு மீண்டும் எழுந்தது.

மூக்கின் உட்கோடி வரை பஞ்சுக் குச்சி செலுத்தி எடுக்கும் மாதிரியே நம்பகமானது என்பர் மருத்துவர். ஆனால் எடுப்பவருக்குப் பயிற்சி வேண்டும். குச்சி நுனியோடு நின்றால், நோய் இருந்தும் 'இல்லை' என்றே முடிவு வரலாம். அந்தச் சீட்டை நம்பி வேலைக்குப் போனால், அறையில் உடன் தங்குவோருக்கும் ஆபத்து.

உப்புநீரைக் கொப்பளித்துக் குழாயில் துப்பும் முறையை நாகபுரி 'நீரி' நிறுவனம் கண்டது. கொரோனா பரிசோதனைக்கு 2021 மே மாதம் ஐ.சி.எம்.ஆர். அதை ஏற்றது. வலியில்லை, செலவும் குறைவு. கைக்குழந்தைக்குத்தான் உதவாது.

அடுத்த தொற்று வருமுன் பீன்யா போன்ற தொழிற்பேட்டைகளில் இதற்கு அரசு வழிசெய்ய வேண்டும். 'இல்லை' என்று வந்தும் காய்ச்சல் தணியாவிட்டால், மறுபரிசோதனை கேட்கத் தொழிலாளர் தயங்கலாகாது.