வாய்க்காலில் விடாதீர்கள்

கம்பத்தில் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒரு பூனை நான்கு குட்டி போட்டது. கண் திறக்கும் சமயத்தில் பார்த்தால் ஒன்றுக்குத் தொப்புளில் கட்டி, இன்னொன்றுக்குக் கழுத்தில் கட்டி. எதிர்வீட்டுத் தங்கச்சி எட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பே சொல்லிவிட்டார்: "அண்ணே, இது மாட்டுக்கு வந்த அதே அம்மை. வீட்ல பேரப்பிள்ளை இருக்கு. சாக்குல போட்டு வாய்க்கால் பக்கம் விட்டுட்டு வந்துருங்க."

அவர் பயம் எனக்குப் புரிகிறது. 2019-இல் ஒடிசாவில் தென்பட்ட தோல் கழலை நோய் பிறகு தமிழ்நாட்டுக்கும் வந்தது. ஆனால் அது கொசு, கடிக்கும் ஈ, உண்ணி மூலம் மாட்டையும் எருமையையும் பிடிக்கிற நோய். பூனைக்கு வராது, மனிதருக்கும் வராது.

தாயையும் குட்டிகளையும் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். தொப்புளில் இருந்தது குடலிறக்கம். சிறியதாக இருந்தால் வளர வளரத் தானே மூடிக்கொள்ளும், இல்லாவிட்டால் பிறகு ஒரு சின்ன அறுவை சிகிச்சை போதும் என்றார். கழுத்தில் இருந்தது சீழ்க்கட்டி. கீறிச் சுத்தம் செய்து மருந்து கொடுத்தார். அவ்வளவுதான் அந்த 'அம்மை'!

எனக்குக் கோபமெல்லாம் நம் கைவைத்தியத்தின் மேல்தான். புண்ணில் புழு வைத்தால் பினாயிலோ மண்ணெண்ணெயோ ஊற்றுகிறோம். குட்டி அதை நக்கும், தோல் வழியாகவும் விஷம் ஏறும். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுக்கிறோம். அதை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது, கால் மாத்திரை போதும் உயிரை எடுக்க. பாவம் என்று பசும்பால் ஊற்றினால் வயிற்றுப்போக்கில் போய்விடும். பிறக்கும்போது அதன் எடையே சுமார் 100 கிராம்தான்.

"மனுசனுக்கே வைத்தியம் கிடைக்கல, பூனைக்கா?" என்பார்கள். கேட்கட்டும். எனக்கு ஆன செலவு ஒரு காலைப்பொழுது. நம் மாவட்டத்திலேயே 2020 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நெல் மூட்டையை எலியிடமிருந்து காப்பாற்ற மட்டும் பூனை வேண்டும், அதற்கு ஒரு கட்டி வந்தால் சாக்கா?

பேரப்பிள்ளைக்காகப் பயப்பட வேண்டியது வேறு. குட்டிக்கு வட்டமாக முடி கொட்டினால் படர்தாமரையாக இருக்கலாம், அது நமக்கும் ஒட்டும். தொட்டால் கை கழுவுங்கள். பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள்.

முதல் மூன்று நான்கு வாரம் குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ளத் தெரியாது. அதை வாய்க்கால் கரையில் வைப்பது விடுவதல்ல, கொல்வது. பட்டினி கிடக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. குட்டிகள் பெருகுவதுதான் தொல்லை என்றால், பால் மறந்தபின் தாய்க்குக் கருத்தடை செய்துவிடுங்கள்.

நேற்று எதிர்வீட்டுத் தங்கச்சி வந்தார். வீட்டில் எலித்தொல்லையாம், கழுத்தில் தழும்புள்ள குட்டி வேண்டுமாம். கொடுக்கிறேன், சாக்கு வைத்திருக்க மாட்டேன் என்று சொன்னால்!