கணவாயும் சுரமும்

மலையைக் கடக்கும் வழிக்கு நமது தேசத்தில் ஒரே பெயர் இல்லை. தமிழர் கணவாய் என்கிறோம். மலையாளத்தார் சுரம் என்கிறார்கள். மராட்டியர் ஏறும் வழியைக் காட் என்றும், குறுகிய இடுக்கைக் கிண்ட் என்றும் சொல்லுகிறார்கள். ஹிமாசலப் பிரதேசத்தில் ஜோத்; குமாவூனில் துரா; லடாக்கில் லா. அந்தந்தப் பிரதேசத்து ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் மலைகளை ஏறி இறங்கிய அனுபவம் இச்சொற்களில் அடங்கியிருக்கிறது.

இதை உணராததால் விளைந்த விபரீதங்கள் பல. மேற்குக் கரையில் இறங்கி உள்நாட்டுக்கு ஏறிய ஐரோப்பியர், வழியின் பெயராகிய காட் என்பதை மலை முழுவதற்கும் சூட்டிவிட்டார்கள். ஸஹ்யாத்ரி என்ற பழம்பெயர் பின்தங்கிவிட்டது. சிக்கிம் எல்லையிலுள்ள நாதுலாவில் லா என்பதற்கே கணவாய் என்று பொருள். நம்மவரோ 'நாதுலா கணவாய்' என்று எழுதிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறார்கள். ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்துப் பெயர்த்ததன் பலன் இது.

அயலாரைக் குறை கூறுவது எளிது. நம் வீட்டின் நிலைமை என்ன? சுரம் என்பது பாலை நிலத்து அருவழிக்குச் சங்கப் புலவர் வழங்கிய சொல். இன்று தமிழ்நாட்டில் சுரம் என்றால் காய்ச்சல் என்றே கொள்வார்கள். வயநாட்டுக்குத் தாமரச்சேரிச் சுரம் ஏறும் லாரி ஓட்டிக்கோ அது தினசரிப் பேச்சு. நாம் இழந்ததை அண்டை வீட்டார் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். நாம் 'காட் ரோடு' என்று சொல்லித் திருப்தியடைகிறோம். அருவி இருக்க, நீர்வீழ்ச்சி என்ற மொழிபெயர்ப்பு எதற்கு? குற்றாலத்து ஐந்தருவியை ஐந்து நீர்வீழ்ச்சி என்று அழைக்க யாருக்கேனும் மனம் வருமா?

பொதுச்சொல்லே கூடாதென்பது நமது கட்சியன்று. பூகோளம் கற்பிக்கப் பொதுச்சொல் அவசியமே. ஆனால் அது விளக்கமாக நிற்கவேண்டும். ஊர்ச்சொல்லை விழுங்கிவிடக் கூடாது. 1576-ல் ராணா பிரதாபன் போர் புரிந்த ஹல்திகாட்டியை மஞ்சள் கணவாய் என்று பெயர்த்தால் பொருள் விளங்கும். அங்கே சிந்திய ரத்தம் விளங்காது.

ஆகவே, பாட புத்தகங்களிலும் தேசப்படங்களிலும் சாலைப் பலகைகளிலும் அந்தந்த இடத்துச் சொல்லே முதலில் நிற்கவேண்டும். போடிமெட்டிலும் கம்பம்மெட்டிலும் மெட்டு என்ற சொல் எப்படி வந்தது என்று மலையடிவாரத்துப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவைக்க, கல்லூரி மாணவர்கள் விடுமுறையில் புறப்படலாம். சர்க்கார் உத்தரவுக்காக இந்த வேலை காத்திருக்க வேண்டியதில்லை. மண்ணை நேசிப்பதாகச் சொல்லுகிறவர்கள், அந்த மண்ணின் மேடுபள்ளங்களுக்கு முன்னோர் இட்ட பெயர்களையாவது அறிந்திருக்க வேண்டாமா?